கண்ணி வாருதல்

மேகமலை அடிவாரத்தில் காட்டை ஒட்டிக் கொல்லை வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் கம்பி ஒன்று, அதைக் கட்டி நிறுத்த ஒரு முளைக்குச்சி அல்லது மரத்தின் வேர், பன்றியோ மானோ வழக்கமாகப் போய்வரும் தடத்தில் ஒரு வளையம். வைத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். கம்பி போகாது. பன்றிக்கென்று வைத்த கம்பி சிறுத்தை வந்தால் சிறுத்தையை இறுக்கும், ஊர்நாய் வந்தால் ஊர்நாயை இறுக்கும். வைத்தவருக்கே இடம் மறந்துபோன பிறகும் அது விழித்திருக்கும். கடற்கண்ணியும் இதே சாதிதான். கடலடியில் கனத்த அடிப்பெட்டி, அதிலிருந்து மேலெழும் கம்பி, கம்பியின் நுனியில் நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே மிதக்கும் வெடிகலம், அதன் மேல் முளைத்திருக்கும் ஈயக் கொம்புகள். கப்பலின் அடிவயிறு இடித்துக் கொம்பு வளைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பி உடையும். அமிலம் இறங்கி மின்கலம் உயிர் பெறும். அதற்குப் பிறகு நொடிக்கணக்குதான். காட்டில் வைப்பதற்கும் கடலில் வைப்பதற்கும் தமிழில் கண்ணி என்றே பெயர். அகற்றும் வேலைக்கு வாய்த்திருக்கும் வினைச்சொல்லும் கம்பம் பள்ளத்தாக்கில் நாள்தோறும் புழங்குவது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் ஜூன் மாதம் வந்து சேருமுன் வாய்க்காலில் தூர் வாருகிறோம். கடலில் கண்ணி வாருகிறார்கள்.

கண்ணி வாருவதற்கென்றே கட்டப்பட்ட ஒரு கப்பலின் பணி வரலாற்றை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே கேள்வி. ஐஎன்எஸ் கடலூரை எடுத்துக்கொள்வோம். லெனின்கிராட் அருகே கட்டப்பட்டு 1987 அக்டோபரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. 61 மீட்டர் நீளம், சுமார் 800 டன் எடை, காந்தத்தன்மை குறைந்த எஃகால் ஆன உடல். 1978 முதல் 1988 வரை சோவியத் ஒன்றியத்திடமிருந்து வாங்கிய 12 கண்ணிவாரிகளில் ஒன்று. பாண்டிச்சேரி, போர்பந்தர், ஆலப்புழை, கார்வார், காக்கிநாடா, கோழிக்கோடு என்று பெரும்பாலும் துறைமுக ஊர்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார்கள். எந்த வாயில்களைக் காக்க வேண்டுமோ அந்த வாயில்களின் பெயர்கள். கடலூர் என்ற பெயரும் அப்போது புதிதாக வந்ததல்ல. 1956இல் பிரிட்டனிடமிருந்து வாங்கிய நான்கு கண்ணிவாரிகளில் ஒன்றுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்தது. அலுமினியச் சட்டத்தின் மேல் மகோகனிப் பலகைகளை இரட்டை அடுக்காக அறைந்து செய்த மரக்கப்பல் அது. காந்தக் கண்ணியின் காதில் இரும்பின் அரவம் விழக்கூடாது என்பதற்காக, அணுகுண்டுக் காலத்திலும் மனிதர்கள் மரத்தில் போர்க்கப்பல் கட்டினார்கள். இரண்டாம் கடலூர் 2018 மார்ச்சில் ஓய்வு பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பணிக்காலத்தில் இந்தியத் துறைமுகம் எதன் வாயிலிலும் எதிரி கண்ணி விதைத்த போர் வரவில்லை. அது செய்தவை பயிற்சி, வழித்தட ஆய்வு, கரையோரக் காவல். எத்தனை கப்பல்களைக் காப்பாற்றியது என்று கேட்டால் சொல்ல எண்ணிக்கை இல்லை. ஓய்வுக்குப் பிறகுதான் பத்திரிகைகள் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதின. புதுச்சேரிக் கடலில் அதை மூழ்கடித்து, முக்குளிப்பவர்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதே காரணம். கப்பல்கள் கடலடிக்குப் போகாமலிருக்க உழைத்த கப்பல், தானே கடலடிக்குப் போகும் பேச்சு எழுந்தபோது செய்தியானது.

இந்த வகைக் கப்பலின் வரலாற்றை நடந்தவற்றின் வரிசையாக எழுதும்வரை அது தப்பாகவே எழுதப்படும் என்பது என் வாதம். அதன் உழைப்பின் விளைவு ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல்லைச் சாட்சியமாக மதிக்கக் கற்றுக்கொள்ளாத வரலாற்றெழுத்து, கண்ணிவாரி தன் வேலையைச் செய்யாத நாளைத்தான் பதிந்து வைக்கும். இது மிகைப்படுத்தல் அல்ல என்பதற்கு எச்எம்ஐஎஸ் பெங்கால் போதும். ஆஸ்திரேலியாவில் கட்டி முடிக்கப்பட்டு 1942இல் இந்திய ராயல் கடற்படையில் சேர்ந்த கண்ணிவாரி அது; ஏறத்தாழ 650 டன். அந்த ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி, ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக வந்துகொண்டிருந்தபோது கோகோஸ் தீவுகளுக்கு அப்பால் இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். பெங்காலில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ஒரே ஒரு சிறு பீரங்கி. அது பின்வாங்காமல் எதிர்கொண்டு சென்றது. சண்டையில் ஹோகோகு மாரு தீப்பிடித்து வெடித்து மூழ்கியது. ஒண்டினாவின் தலைவர் உயிரிழந்தார். பெங்காலும் ஒண்டினாவும் அடிபட்டும் தப்பின. இந்தியக் கடற்படை வரலாற்றில் இடம்பெறத் தகுந்த வீரம்தான், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் கண்ணிவாரிகளில் புத்தகம் அறிந்த பெயர் பெங்கால் மட்டுமே, அந்தப் பெயரைத் தந்த நாளில் அது ஒரு கண்ணியையும் வாரவில்லை. அதே போரில் ராஜபுதானா, கொங்கண், கர்நாடிக் என்று பெயர் தாங்கிய கண்ணிவாரிகள் இருந்தன. அவற்றுக்குப் பட்டியலில் ஒரு வரிதான்.

சத்தம் போடாதது சொல்லாகவும் ஆவதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையைச் சுட்டது. அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆனாலும் எம்டன் தமிழுக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டான். யாரேனும் கொஞ்சம் மிடுக்காக, கெட்டிக்காரத்தனமாக நடந்தால் ‘பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். இரண்டரை ஆண்டு கழித்து வந்த இன்னொரு ஜெர்மன் கப்பலுக்குத் தமிழில் ஒரு சொல்கூட இல்லை. உல்ஃப் என்ற அந்தக் கப்பல் 1916 நவம்பர் இறுதியில் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. சாதாரணச் சரக்குக் கப்பலின் தோற்றம், வயிற்றில் நானூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து, 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியிலும் பம்பாய்க்கு வெளியிலும் இரவோடு இரவாக விதைத்துவிட்டுப் போய்விட்டது. பிப்ரவரி 17 அன்று வொர்ஸ்டர்ஷயர் என்ற கப்பல் கொழும்பருகே மூழ்கியது. நான்கே நாளில் பெர்சியூஸ். ஜூன் மாதம் பம்பாய்க்கு அப்பால் மங்கோலியா என்ற தபால் கப்பல் மூழ்கியபோது, விதைத்தவன் பசிபிக் கடலில் நியூசிலாந்துப் பக்கம் இருந்தான். கம்பி மட்டும் நான்கு மாதமாகக் காத்திருந்தது. ஆஸ்திரேலியக் கரையில் கம்பர்லாண்ட் என்ற கப்பல் உல்ஃபின் கண்ணியில் அடிபட்டபோது, கப்பலுக்குள் யாரோ வெடிகுண்டு வைத்துவிட்டார்கள் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். அங்கே கடலில் இறங்கித் துழாவிய கண்ணிவாரிகளே கண்ணிகளை மேலே கொண்டுவந்து காட்டின. கண்ணிவாரி வழியைத் திறப்பதோடு, என்ன நடந்தது என்ற உண்மையையும் கொண்டு வருகிறது. கடைசியில் தமிழில் தங்கியது எம்டன். உல்ஃப் தங்கவில்லை. உல்ஃப் விதைத்ததை வாரியவர்களைப் பற்றியோ எந்தப் பேச்சும் இல்லை.

விதைப்பதற்கும் வாருவதற்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சிட்டகாங்குக்குப் போகலாம். 1971 போரின்போது பாகிஸ்தான் படை அந்தத் துறைமுகத்தின் வாயிலில் கண்ணிகளை இட்டது. சில நாள் வேலை. போர் முடிந்ததும் இந்தியக் கண்ணிவாரிகள் இறங்கின. 1972 வசந்தத்தில் சோவியத் கடற்படை வந்து, மூழ்கிக் கிடந்த கப்பல்களையும் கண்ணிகளையும் அகற்றி முடிக்க 1974 ஆகிவிட்டது. பதினான்கு நாள் நடந்த போர், இரண்டு ஆண்டுக்கு மேல் நடந்த வாருதல். அந்த வேலையில் 1973இல் உயிரிழந்த யூரி ரெட்கின் என்ற இளம் சோவியத் மாலுமியின் கல்லறை பதெங்காவில் கர்ணஃபுலி ஆற்றின் முகத்துவாரத்தருகே இருக்கிறது. கண்ணிவாரிகளின் உலகில் நினைவுச்சின்னம் என்று சொல்லத்தக்கவற்றில் அது ஒன்று. அவர் இறந்ததால்தான் அதுவும் கிடைத்தது. அந்த வாயில் வழியாகப் பஞ்சத்தின் விளிம்பில் நின்ற ஒரு புதிய நாட்டுக்குத் தானியம் வந்தது. வந்து சேர்ந்த மூட்டைகளுக்கு நினைவுச்சின்னம் வைப்பதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாமே? வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியவர், இத்தனை நாளாக ஒரு கெடுதலும் வரவில்லை, பழத்தின் பலன் பாருங்கள் என்பார். முப்பது ஆண்டாக எந்தக் கப்பலும் வெடிக்கவில்லை, அதனால் ஐஎன்எஸ் கடலூர் வென்றது என்று சொன்னால் அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பொய்யென்று நிரூபிக்க வழியே இல்லாத பெருமை வரலாறு ஆகாது. நியாயமான கேள்வி. விடை நம்மிடமே இருக்கிறது. மணிமேகலை பலவகைச் சமயத்தாரின் அளவைகளை எண்ணும் இடத்தில் அபாவத்தையும் ஓர் அளவையாகச் சேர்த்திருக்கிறது. இல்லாமையும் அறிவுக்கு ஒரு வழி என்று ஒப்புக்கொண்ட மரபு இது. அதைப் பற்றி வாதிட்ட மெய்யியலாளர்கள் ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்கள்: அங்கே இருந்திருந்தால் நிச்சயம் தென்பட்டிருக்கும் என்ற நிலையில் தேடிப் பார்த்துத் தென்படாதபோதுதான் ‘இல்லை’ என்பது அறிவு. வெளிச்சமான அறையில் பானை இல்லை என்று சொல்லலாம், இருட்டறையில் சொல்லக்கூடாது. எலுமிச்சம்பழம் எதையும் தேடவில்லை. கண்ணிவாரி தேடியது. கம்பியை எந்த ஆழத்தில் இழுத்தது, எந்த வரிசையில் எத்தனை முறை போனது, இரு வரிசைக்கு இடையில் எவ்வளவு இடைவெளி விட்டது என்று அதன் ‘இல்லை’க்கு அளவு உண்டு, எல்லை உண்டு, தேதி உண்டு. தவறானால் தவறென்று காட்டவும் முடியும்.

வேலை நடக்கும் விதத்தை அருகில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கண்ணிவாரி தன் பின்னால் நீண்ட கம்பியை இழுத்துச் செல்கிறது. கம்பியைப் பக்கவாட்டில் விரிக்கவும் வேண்டிய ஆழத்தில் நிறுத்தவும் மிதவையும் பலகைகளும். விரிந்த கம்பி கண்ணியின் நங்கூரக் கம்பியில் பட்டால் அதை உராய்ந்துகொண்டே போய் வெட்டியில் மாட்டும்; வெட்டுப்பட்ட கண்ணி மேலே வந்து மிதக்கும்; தூரத்திலிருந்து சுட்டு அழிப்பார்கள். இது பழைய முறை, கொம்புக் கண்ணிக்குப் போதுமானது. கடலடியில் கிடந்தபடியே கப்பலின் காந்தத்தை உணரும் கண்ணியை 1939இல் ஜெர்மனி இறக்கியபோது இந்த முறை செல்லாமல் போனது. அந்த நவம்பரில் தேம்ஸ் முகத்துவாரத்தின் சேற்றில் தப்பி விழுந்த ஒன்றைப் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் ஊவ்ரி கையால் கழற்றிப் பிரித்த பிறகே அதன் உட்புறம் தெரியவந்தது. அதை ஏமாற்ற, மிதக்கும் மின்வடங்களை இழுத்துச் சென்று அவற்றில் மின்சாரம் பாய்ச்சிப் பொய்க் காந்தம் உண்டாக்கினார்கள். அதற்கும் மறுமொழி வந்தது. கப்பல்களை எண்ணும் பொறியைக் கண்ணிக்குள் வைத்தார்கள். முதல் கப்பல் போகும், கண்ணி எண்ணிக்கொள்ளும்; இரண்டாவது போகும், எண்ணிக்கொள்ளும்; வைத்தவன் குறித்த எண் வந்தபோது வெடிக்கும். இதைப் பற்றி எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் பதைப்பு அடங்குவதில்லை. ஏழு கப்பல் பத்திரமாகப் போயிற்றே என்ற நிம்மதியையே ஆயுதமாக்கிய கண்ணி அது. ‘இதுவரை ஒன்றும் நடக்கவில்லை’ என்ற வாக்கியம் எதையும் நிரூபிக்காது என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொல்ல முடியாது. ஒரு முறை வாரியவன் வாரவில்லை என்றே பொருள். அதே தடத்தில் மறுபடி, மறுபடி போக வேண்டும்.

இன்னொரு மறுப்பு இடத்தைப் பற்றியது. சின்னமனூரிலிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் மலைக்கும் கடலுக்கும் என்ன? மேகமலையிலிருந்து பார்த்தால் கீழே பள்ளத்தாக்கின் நெல்வயல் தெரியும், திராட்சைப் பந்தல் தெரியும், கடல் தெரியாது. ஆனால் போடிநாயக்கனூரில் ஏலம் போகும் ஏலக்காய் அரபு நாடுகளின் காபிக் குவளை வரை போவது கடல் வழியாக. 1987 ஜூலை 24 அன்று பாரசீக வளைகுடாவில் பிரிட்ஜ்டன் என்ற பெரும் எண்ணெய்க் கப்பல் கண்ணியில் மோதியது. காவலுக்கு வந்த அமெரிக்கப் போர்க்கப்பல்களுடன் அப்போது கண்ணிவாரி ஒன்றும் இல்லை. எனவே அவை, தாங்கள் காக்க வந்த எண்ணெய்க் கப்பலையே முன்னால் போகவிட்டு அதன் பின்னால் வரிசையாக ஊர்ந்தன. அதன் தடித்த உடல் இன்னொரு அடியையும் தாங்கும் என்ற கணக்கு. ஏவுகணை இருந்தும் வழி தெரியாத நிலை. ஐஎன்எஸ் கடலூர் பணியில் சேர்ந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. அண்மைக் காலச் சான்று வேண்டுமானால் உக்ரைன் போர் தொடங்கியபின் 2022 மார்ச்சில் கருங்கடலில் கண்ணிகள் அறுந்து மிதந்து போஸ்பரஸ் நீரிணை வரை வந்ததை நினைத்துக்கொள்ளலாம். இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அந்தக் கடல் வழியாக வந்ததுதான். துறைமுகங்கள் அடைபட்டதற்குக் கண்ணி மட்டும் காரணமல்ல, முற்றுகை இருந்தது, குண்டுவீச்சு இருந்தது. ஆனாலும் கம்பத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் எண்ணெய்ப் பாக்கெட்டின் விலையை மாற்றிச் சொன்ன அந்த மாதத்தில், கடல் மலைக்கு வந்துவிட்டது.

கண்ணிவாரி காலாவதியான பொருள், இனி ஆளில்லாக் கலங்களும் நீரடி ட்ரோன்களும் பார்த்துக்கொள்ளும் என்பாரும் உண்டு. கலம் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. மனிதன் உள்ளே இல்லாமல் அந்த வேலை நடந்தால் நல்லதே. நடப்பது அதுவா என்பதுதான் கேள்வி. 2019 ஏப்ரலில் ஐஎன்எஸ் கோழிக்கோடு ஓய்வு பெற்றதோடு பன்னிரண்டும் முடிந்தன. அதற்குப் பிறகு இந்தியக் கடற்படையில் கண்ணிவாரிக் கப்பலே இல்லை. மாற்றுக் கப்பல்களைத் தென்கொரிய நிறுவனத்திடம் வாங்கும் முயற்சி 2014இல் கைவிடப்பட்டது. கோவாவில் கட்டும் பேச்சு 2018இல் கைவிடப்பட்டது. 2025 ஜூலையில்தான் மறுபடி கொள்கை ஒப்புதல் கிடைத்தது. கப்பல் நீரில் இறங்கப் பல ஆண்டாகும். பழையது போய்ப் புதியது வராத இந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், அது இடைவெளியாகவே யாருக்கும் தோன்றவில்லை என்பதே. நீர்மூழ்கி ஒன்று குறைந்தால் தலையங்கம் வரும். கண்ணிவாரிகள் எல்லாம் போனபோது, ஒன்றும் நடக்கவில்லையே என்றுதான் தோன்றியது. முன்பு சொன்ன ‘இல்லை’யும் இப்போது சொல்லும் ‘இல்லை’யும் ஒரே எழுத்துகளால் ஆனவை. முன்னது பார்த்துச் சொன்னது, பின்னது பார்க்காமல் சொல்வது. பணி வரலாறுகளை வெற்றிகளின் பட்டியலாக எழுதிப் பழகிய நாட்டுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவில்லை. அதனால்தான் இதை வெறும் எழுத்துமுறைப் பிரச்சினையாக நான் நினைக்கவில்லை.

ஐஎன்எஸ் கடலூர் ஓய்வு பெற்ற அதே 2018 மார்ச்சில், 11ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரம் இந்தப் பகுதியின் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கிறது, பதிந்திருக்கவும் வேண்டும். தீப்பிடிக்காமல் கழிந்த கோடைகளுக்கு அப்படியொரு பதிவு கிடையாது. ஒவ்வோராண்டும் கோடைக்கு முன்னால் மலைச்சரிவுகளில் காய்ந்த புல்லை வெட்டி, சருகைக் கூட்டித் தள்ளி, மண் தெரியும்படி தீத்தடுப்புக் கோடு எடுக்கிறார்கள். அடுத்த மழையில் அது மூடிக்கொள்ளும், அடுத்த தையில் மறுபடி எடுக்க வேண்டும். 2021இல் மேகமலை, திருவில்லிபுத்தூர்க் காடுகளோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. இங்கே வேட்டைத் தடுப்புக் காவலர்கள் சுருக்குத் தேடி நடக்கிறார்கள். சுருக்குக் கிடைத்தால் அது கணக்கில் வருகிறது, படம் எடுக்கிறார்கள், வழக்குப் பதிகிறார்கள். கிடைக்காத நாளிலும் அதே தூரம் நடந்திருப்பார்கள், அதே குனிவு, அதே அட்டைக்கடி. அன்றைக்கு நோட்டில் எழுத இருப்பது தேதி, எந்த ஓடை தொடங்கி எந்த மேடு வரை, எத்தனை பேர், ‘சுருக்கு இல்லை’ என்ற இரண்டு சொல். எழுதி முடித்தபோது அது முழு உண்மை. அன்றிரவே யாராவது ஒரு கிளட்ச் கம்பியோடு காட்டோரம் வரலாம். அதனால் மறுநாளும் அதே ஓடையில் தொடங்குகிறார்கள்.